ஆடியில் நிறுத்தக் கூடாத சர்வர்

செஞ்சி கூட்டு ரோட்டிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில், டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குச் சுற்றுவட்டாரத்தில் 'கோதண்டராமன் லேப்' என்றுதான் பெயர். போர்டில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. அதை இதுவரை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அங்கே கடைசி அறையில் உட்கார்ந்திருக்கும் சாமுண்டீஸ்வரியையும் ஊர் அப்படித்தான் நடத்தியது. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "டைப் அடிக்குது" என்பார்கள். பத்தாவது ஆள் அவள் அப்பா செல்லப்பன். "இந்த சீமையில எல்லார் ரத்தமும் எம்பொண்ணு கையிலதான் இருக்குது" என்பார் அவர். அவர் சொன்னதுதான் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது.

டைப் அடிக்கத்தான் வந்தாள். அது பதினாறு வருஷத்துக்கு முந்தி. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்து, சேத்துப்பட்டுப் பக்கம் ஓர் இடத்தில் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் ஒரு பெட்டியும் புருவத்தின் மேல் ஒரு தழும்புமாகச் சிங்கவரத்துக்குத் திரும்பி வந்திருந்த சமயம். ஏன் வந்தாய் என்று செல்லப்பன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கை கழுவிட்டு வா, சாப்புடலாம்" என்றார். மத்தியஸ்தம் பேச வந்தவர்களையும் அதே மாதிரி சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார், பேச விடவில்லை. அம்மா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு காணி கடலைக் கொல்லை, ஒரு கிணறு, அப்பா, மகள். அதற்கப்புறம் அவள் வேறெங்கும் போகவில்லை, போகத் தோன்றவும் இல்லை.

லேப் வளர்ந்தது. மேல்மலையனூர், அவலூர்ப்பேட்டை, வல்லம், மேல்சித்தாமூர் என்று நாற்பது ஊர்களில் ரத்தம் எடுக்கிற கிளை வைத்தார் கோதண்டராமன். காலையில் எடுக்கிற ரத்தம் ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி பத்து மணிக்குள் செஞ்சிக்கு வந்துவிடும். முடிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் அந்தந்தக் கிளையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷத்து முடிவுகள், கோடியே இருபது லட்சம் வரிகள், எல்லாம் ஒரே டேட்டாபேஸில் உட்கார்ந்திருந்தன. அதைக் கட்டிக் காப்பது யார் என்ற கேள்வி வந்தபோது, வெளியாளை வைக்கக் கோதண்டராமனுக்கு மனம் வரவில்லை. சாமுண்டீஸ்வரியைக் கை காட்டினார். அவள் புத்தகம் வாங்கிப் படித்தாள், இணையத்தில் தேடிப் படித்தாள், மிச்சத்தைத் தப்புப் பண்ணிப் படித்தாள்.

ஜனங்கள் ரிப்போர்ட்டை எங்கே வைத்துக்கொள்கிறார்கள்? கொல்லையில் விளைந்த மல்லாட்டை மூட்டைக்கு அடியில் போட்டு எலிக்குக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பிள்ளைகள் கப்பல் செய்து விடும். டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டால், "அதான் லேப்பு கம்ப்யூட்டர்ல இருக்குதே" என்பார்கள். ஆக ஒரு தாலுகாவின் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் அவள் அறையில் இருந்த அந்தப் பெட்டிக்குத்தான் ஞாபகம் இருந்தது.

அவள் பெருமைப்பட்டுக்கொண்ட காரியம் ஒன்று உண்டு. முடிவு ஆபத்தான அளவில் வந்தால், பதிவாகிற அந்த நொடியிலேயே நோயாளியின் போனுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி போகும்படி செய்திருந்தாள். செய்தியின் வாசகங்களைக்கூட டாக்டர்களிடம் கேட்டு, தமிழில் அவளே எழுதினாள். முன்பெல்லாம் லேப்பில் இருப்பவர்கள் போன் போட்டுச் சொல்வார்கள். செய்தி போக ஆரம்பித்ததும் அந்த வழக்கம் நின்றுபோயிற்று. "நம்ம ஜனம் ஒரு தபா சொன்னா காதுல போட்டுக்காது சார்" என்று கோதண்டராமனிடம் சொல்லி, இன்னொன்றும் சேர்த்தாள். கிடைத்தது என்பதற்கு அடையாளமாக அவர்கள் 1 என்று பதில் அனுப்ப வேண்டும். அனுப்புகிறவரை பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதே செய்தி போய்க்கொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். மண்டகப்பட்டிலிருந்து ஒருவர் ஒரு தார் வாழைப்பழம் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

போன வருஷம் பழைய சர்வருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காலை ஒன்பதரைக்கு நாற்பது கிளையும் ஒரே நேரத்தில் கேட்கும்போது, ஒரு பெயரைத் தேட ஒன்றரை நிமிஷம். கோதண்டராமன் மனசைத் திடப்படுத்திக்கொண்டு புதியது வாங்கினார். கணக்குப் போடுகிற கோர் பழையதில் நாலே, புதியதில் முப்பத்திரண்டு. நினைவகம் பதினாறு மடங்கு. வந்து இறங்கிய அன்று டயர் கடைக்காரர்கள்கூட மேலே ஏறி வந்து பார்த்தார்கள். வாங்கியதெல்லாம் சரி, வந்தது ஆனி மாசம் கடைசியில். புதன்கிழமைக்குள் தொடங்கியாக வேண்டும், வியாழன் ஆடி பிறக்கிறது, ஆடியில் புதுசு எதையும் தொடங்கக் கூடாது என்றார் அவர். சென்னையில் இருப்பவன் இதைக் கேட்டால் சிரிப்பான். செஞ்சியில் சாமுண்டீஸ்வரி சிரிக்கவில்லை. அவளும் ஆடியில் ஒரு புதுத் துடைப்பம்கூட வாங்காதவள்.

ஒரே ஞாயிற்றுக்கிழமை இருந்தது. அந்தப் பகலுக்குள் பதினோரு வருஷத்தையும் பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு ஏற்ற வேண்டும். ஏற்றுவதில் நேரம் தின்பது எது என்று இந்த வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். டேட்டாபேஸ் நல்ல குணமுள்ளது; எதையாவது எழுது என்றால், எழுதியது நிஜமாகவே டிஸ்க்கில் பதிந்ததா என்று ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். திடீரென்று கரண்ட் போனாலும் எழுந்து உட்கார முடிவது அந்த நிதானத்தால்தான். மொத்தமாக ஏற்றும்போது மட்டும், அந்த நிதானத்தை நிறுத்திவைத்துவிட்டு வேகமாக ஓடவிடுவது உண்டு. ஏற்றி முடித்த கையோடு மறுபடி போட்டுவிட வேண்டும். போடாவிட்டால், ஓடுகிறவரை ஒன்றும் தெரியாது.

சாமுண்டீஸ்வரி அதை நிறுத்தினாள். பதினோரு வருஷத்து ஆபத்தான முடிவுகளுக்கெல்லாம் இப்போது எச்சரிக்கை போய்த் தொலைந்தால் ஊரே கலங்கிவிடும் என்று குறுஞ்செய்தியையும் நிறுத்தினாள். தினசரி நகல் எடுக்கிற ஏற்பாடு பழைய பெட்டியிலேயே இருந்தது; அதைப் புதியதில் இனிமேல்தான் அமைக்க வேண்டும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்றையும் எழுதினாள். மேலே கோடு போட்டு, 'ஏற்றியதும் திரும்பப் போட வேண்டியவை' என்று தலைப்பும் கொடுத்தாள். அவள் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

புதன்கிழமை சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை போட்டுத் தொடங்கினார்கள். விருந்துக்கு வந்த டாக்டர்கள் முன்னால் கோதண்டராமன் ஒரு பெயரைத் தட்டினார். முன்பு ஒன்றரை நிமிஷம் எடுத்தது, இப்போது சொடக்குப் போடுவதற்குள் வந்தது. இன்னொரு பெயர், இன்னொன்று. மனிதர் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். "ஈஸ்வரிம்மா, நீ மனுசியே இல்ல!" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பதினாறு வருஷத்தில் அவள் அந்தக் கூடத்தில் வாங்கிய முதல் பாராட்டு அது. மூன்றையும் திரும்பப் போட்டால் அந்த வேகம் கொஞ்சம் குறையும் என்பது அவளுக்குத் தெரியும். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பாராட்டு பொல்லாதது, வைதிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பாள்.

மறுநாள் ஆடி பிறந்தது. வேறொரு தலைவலியும் கூடவே பிறந்தது. பெரிய இயந்திரம் வாங்கிவிட்டால் டேட்டாபேஸ் தானாகப் பெரிதாகிவிடாது. மச்சு வீட்டுக்குக் குடி போனாலும் குடிசையில் இருந்த பழக்கத்தில் ஒரு மூலையிலேயே முடங்கும். எத்தனை கோர் இருக்கிறது, ஒரு கேள்விக்கு எத்தனை பேர் சேர்ந்து உழைக்கலாம், ஒவ்வொருவரும் எவ்வளவு நினைவகம் எடுத்துக்கொள்ளலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அவள் தாராளமாகச் சொன்னாள். ஒரு கேள்விக்கு எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு ஜிபி. ஒன்பதரை மணிக் கூட்டத்தில் நாற்பது கிளையும் சேர்ந்து கேட்டபோது, ஒரு பந்திக்குச் சமைக்க வந்தவர்கள் ஆளுக்கொரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போன கதையாக ஆயிற்று. நினைவகம் வழிந்து, முப்பத்திரண்டு கோர் இயந்திரம் பழைய நாலு கோரைவிட மோசமாகத் திணறியது. ஒரே ஒரு பெயரைத் தேடும் சின்ன வேலைக்கும் எட்டுப் பேர் கிளம்பினார்கள், ஒரு சொம்புத் தண்ணி எடுத்துவர எட்டுப் பேர் போகிற மாதிரி. போவதற்கும் வருவதற்குமே நேரம் சரியாகிவிட்டது.

இரண்டு வாரம் அவள் அந்த எண்களோடு மல்லுக்கட்டினாள். எட்டை நாலாக்கினாள், சின்னக் கேள்விக்கு ஒருவர் போதும் என்றாள். ஆளுக்கு ஒரு ஜிபி என்றதை நாற்பது எம்பியாக இறக்கினாள். இதெல்லாம் ஓடும்போதே மாற்றக்கூடியவை. டேட்டாபேஸ் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும் பெரிய நினைவகத்தை மாற்ற மட்டும் அதை ஒரு தடவை நிறுத்தித் தொடங்க வேண்டும். கேட்டதற்குக் கோதண்டராமன் காதைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிச்சா அது ஆடியில ஆரம்பிச்ச கணக்குதாம்மா. ஓடுற வரைக்கும் ஓடட்டும். ஆடி முடியட்டும், ஆவணி ஒண்ணு அன்னிக்கு நீ இன்னா வேணா பண்ணிக்க."

"சரி சார்" என்றாள். அப்படியே அந்த மூன்றையும் ஆவணிக்குத் தள்ளினாள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று. இங்கேதான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுதியதைச் சரிபார்க்கும் அந்த நிதானத்தையும் எச்சரிக்கைச் செய்தியையும் திரும்பப் போட எதையும் நிறுத்த வேண்டியதில்லை. இரண்டு வரி தட்டினால் போதும், அரை நிமிஷ வேலை. அது அவளுக்குத் தெரியும். கோதண்டராமனுக்குத்தான் தெரியாது. ஆடி என்ற சாக்கு அவர் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டது அவள்.

ஜூலை கடைசித் திங்கட்கிழமை செல்லப்பன் ரத்தம் கொடுக்க வந்தார். பத்து வருஷமாகச் சர்க்கரை, மூன்று வருஷமாகக் கிட்னியும் கொஞ்சம் அலுப்பு. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் மகளோடு பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய போன் கிணற்றில் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. லேப் பதிவில் அவருக்குப் போன் எண் சாமுண்டீஸ்வரியுடையதுதான். ரிப்போர்ட்டும் அச்சடிக்க மாட்டார்கள். அவள் திரையில் பார்த்துச் சொன்னால் போதும்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டார்.

"ரிப்போர்ட்டு பாத்தியாம்மா? காலு ரெண்டும் கட்ட மாதிரி இருக்குது. கொல்லைக்குப் போய்ட்டு வரதுக்குள்ள நாலு தபா குந்திட்டேன்."

"வெயில் நைனா. நாளைக்குப் பாக்குறேன்."

புதன்கிழமையும் அந்த நினைவகக் கணக்கிலேயே பொழுது போயிற்று. பார்க்கவில்லை. அவள் நாற்காலியிலிருந்து அசைய வேண்டியதில்லை. பெயரைத் தட்டினால் சொடக்குப் போடுவதற்குள் வந்திருக்கும். அந்த வேகத்துக்காகத்தானே இத்தனை பாடும். சாயந்திரம் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது அப்பாவின் அசதி ஞாபகம் வந்து, இரண்டு இளநீர் வாங்கிக்கொண்டு போனாள். அவர் இரண்டையும் குடித்துவிட்டு, "தெம்பா இருக்குதும்மா" என்றார்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்கு, பக்கத்து வீட்டு ஜெயக்கொடி போன் செய்தாள். முதலில் அழுகைதான் கேட்டது.

"அக்கா? இன்னாக்கா?"

"கெணத்துமேட்டுல சாஞ்சிட்டாரும்மா ஒங்க நைனா. தண்ணி குடுத்தோம், எறங்கல. வந்துடு சாமுண்டி, சட்டுனு வந்துடு."

அவள் எழுந்தாள். பையை எடுத்தாள், விசிறியை நிறுத்தினாள், விளக்கை நிறுத்தினாள், கதவுக்குப் பக்கத்தில் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினாள், பூட்டினாள், படியிறங்கி ஓடினாள். இதில் எதுவும் அவள் யோசித்துச் செய்ததல்ல. பல வருஷத்துக்கு முன் அந்த அறையில் ஒயர் தீய்ந்து புகை வந்ததிலிருந்து, கிளம்பும்போது சர்வரை அணைத்து மெயினை இறக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டும் என்பது சட்டம். பழைய பெட்டி இருந்தவரை தினமும் அவள் கை அதைத்தான் செய்தது. புதியது ராப்பகலாக ஓட வேண்டியது என்பதால், அந்த மெயினின் மேல் சிவப்பு டேப் ஒட்டி 'தொடாதே' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரிக்கும் சர்வருக்கும் நடுவில் இருக்கிற மெயின் அது. அதை இறக்கிவிட்டால் எத்தனை பேட்டரி இருந்தும் பிரயோசனமில்லை. மனசு சிங்கவரத்துக்குப் போய்விட்டது. கை மட்டும் அங்கே நின்று, சர்வரை அணைப்பதை விட்டுவிட்டு, மிச்சப் பழக்கத்தை ஒழுங்காகச் செய்து முடித்தது.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்திருந்தார்கள். மூன்று மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்பட்டார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் மொண்டுவரச் சொல்லி அவள் கையில் குடத்தைக் கொடுத்தபோதுதான் பார்த்தாள். அவள் முழங்கையில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. 'தொடா' வரைக்கும் தெரிந்தது.

குடம் கையிலேயே நின்றது. அப்பாவுக்காக அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்பாவுக்காகத்தான் அழுதாள். ஆனால் அந்த அழுகைக்கு நடுவே, மண்டைக்குள் ஓர் ஓரத்தில், மெயின் இறங்கிய அந்த நொடியில் டேட்டாபேஸ் எந்தெந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கும் என்ற கணக்கு தன்பாட்டில் ஓடியது. அது ஓடியதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

லேப்பில் மாற்றுச் சாவி போட்டு அறையைத் திறந்து மெயினைத் தூக்கிவிட்டது சுதர்சனா. ரத்தம் பரிசோதிக்கிற இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவள், மேல்சித்தாமூர்க்காரி. இயந்திரம் எழுந்தது, டேட்டாபேஸ் எழவில்லை. பக்கங்கள் கிழிந்திருக்கின்றன என்று ஆங்கிலத்தில் வரிவரியாகச் சொன்னது. சாவு வீட்டுக்குப் போன் போட வேண்டாம் என்று கோதண்டராமன் தடுத்துவிட்டார். அந்த மட்டில் நல்ல மனிதர். நாலு நாள் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிச் சமாளித்தார்கள்.

ஆடிப் பெருக்குக்கு மறுநாள் அவள் வந்தாள். காரியம் முடியாமல் வேலைக்குக் கிளம்பியதற்கு ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். முயன்று பார்த்தாள். ஏற்றிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பதினெட்டு நாளில் புதிதாக வந்தது பழையதோடு பின்னிக்கொண்டு சிதைந்திருந்தது. எது சரி எது பிழை என்று டேட்டாபேஸுக்கே தெரியவில்லை. தப்பான முடிவைக் காட்டுகிற டேட்டாபேஸை ஒரு லேப்பில் வைத்துக்கொண்டிருக்க முடியாது. மொத்தத்தையும் அழித்துவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்த நகலை மறுபடி ஏற்றினாள். பதினோரு வருஷம் பிழைத்தது. பதினெட்டு நாள் போயிற்று. ஏற்றி முடித்த கையோடு, எழுந்திருக்காமலே, அந்த மூன்றையும் திரும்பப் போட்டாள். முதல் இரண்டுக்கும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அப்புறம் கோதண்டராமன் முன்னால் போய் நின்றாள்.

"சார், மெயினை நான்தான் எறக்கினேன். எறக்கினதால மட்டும் ஒண்ணும் ஆயிருக்காது. போட வேண்டியதைப் போடாம வெச்சிருந்தேன். ஆடியால இல்ல சார், என்னாலதான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "ஒரே மாசத்துல ஒங்க அப்பாவும் போய், மெஷினும் படுத்து... நான் அப்பவே சொன்னேனேம்மா, ஆடி பொல்லாதுன்னு. நீ இன்னா பண்ணுவே? போ, போய் ஒக்காரு."

திட்டியிருந்தால் தேவலை. அவள் தப்பைக்கூட அவள் கையில் கொடுக்காமல் மாசத்தின் தலையில் போட்டுவிட்டார்.

போன பதினெட்டு நாளை மீட்க ஒரு வழி இருந்தது. சுதர்சனாவின் பரிசோதனை இயந்திரம் கடைசிப் பத்தாயிரம் முடிவுகளைத் தனக்குள் வைத்திருக்கும். அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேராக எடுக்க வழியில்லை. மாதிரி எண்ணோடு சுருள் தாளில் அச்சிட்டுத் தரும், அவ்வளவுதான். எந்த எண் யாருடையது என்பது கிளைகளின் பதிவு நோட்டில் இருந்தது. ஆக ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்ற வேண்டும். நாலு பேர் உட்கார்ந்தார்கள், சாமுண்டீஸ்வரியும் ஒருத்தி. பதினாறு வருஷத்துக்கு முன் வந்த வேலைக்கே திரும்பி வந்திருந்தாள். பத்து நாளாகத் தட்டினார்கள். நாள் வரிசையில் தட்டினார்கள்.

அப்பா ரத்தம் கொடுத்த திங்கட்கிழமையின் சுருள் வந்த அன்று காலை சுதர்சனா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, இந்தச் சுருளை எங்கிட்ட குடுங்களேன். நான் போட்டுடறேன்."

"இருக்கட்டும் சுதர்சனா. நீ போய் வேலையப் பாரு."

சுருளில் செல்லப்பனின் முடிவைச் சுதர்சனா பார்த்திருக்கிறாள். அன்றைக்கே பார்த்திருக்க முடியும். ஆனால் முந்நூறு முடிவுக்கு நடுவில் ஒரு எண், ஆபத்தென்றால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும் என்று எல்லோரையும் போல அவளும் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையை ஊட்டியதும் சாமுண்டீஸ்வரிதான். சுதர்சனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இயந்திரத்துக்குப் போனாள்.

மத்தியானம் மூன்றரை மணிக்கு அவர் எண் வந்தது. சர்க்கரை, இருநூற்றுப் பதினாலு. கிரியாட்டினின், நாலு புள்ளி எட்டு. கை நிதானமாகத்தான் தட்டியது. பொட்டாசியம், ஏழு புள்ளி ஒன்று. ஐந்தைத் தாண்டினாலே டாக்டர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். ஏழில் கால் மரத்துப்போகும், அப்புறம் இருதயம் திடுமென்று நின்றுவிடும். பதினாறு வருஷமாக இந்த எண்களோடு வாழ்கிறவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே அந்த எண் அவள் அறைக்கு வந்துவிட்டது. அவர் போனது வியாழக்கிழமை. நடுவில் மூன்று நாள் இருந்தது.

பதிவுசெய் என்பதை அழுத்தினாள்.

மேஜைமேல் இருந்த அவளுடைய போன் உடனே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள்.

'செல்லப்பன், வயது 66, சிங்கவரம். ரத்தத்தில் பொட்டாசியம் 7.1. இது உயிருக்கு ஆபத்தான அளவு. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும். இளநீர், பழச்சாறு கொடுக்க வேண்டாம். தகவல் கிடைத்ததும் 1 என அனுப்பவும்.'

ஒவ்வொரு சொல்லும் அவள் எழுதியது. இளநீர் என்ற வார்த்தையை டாக்டர் சொல்லவில்லை. நம் ஜனம் சோர்வு என்றால் முதலில் இளநீரைத்தான் வாங்கிக் கொடுக்கும் என்று அவளே யோசித்துச் சேர்த்திருந்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த எண்ணை எடுத்தாள், தட்டினாள். மூன்று நாற்பதுக்கு மறுபடி அதிர்ந்தது. மூன்று ஐம்பதுக்கு. நாலு மணிக்கு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற சமணக் குடும்பத்து வழக்கம் சுதர்சனாவுக்கு. ஐந்தரை மணிக்கு எப்போதும் போலப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் கதவருகில் நின்றாள்.

"யாருக்கா அது, வுடாம கூப்புடறாங்க?"

"நைனா ரிப்போர்ட்டு வந்துருக்குது" என்றாள் சாமுண்டீஸ்வரி.

சிங்கவரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோதும் மடியில் இருந்த பைக்குள் அது பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதிர்ந்துகொண்டே வந்தது. 1 என்று தட்டினால் நின்றுவிடும். கிடைத்தது என்று அர்த்தம். தட்ட அவளுக்குக் கை வரவில்லை. மறுநாள் போய் சர்வரிலேயே அதை நிறுத்தியிருக்கலாம், அதுவும் அரை நிமிஷ வேலைதான். அவள் நிறுத்தவில்லை.